மோல்டில் மாட்டிய மூக்கு

நீங்கள் ரெசின் பிரஷ்ஷைக் கையில் வைத்திருக்கும்போது யாராவது பக்கத்தில் நின்று உங்களைப் புகழ்ந்தால், பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடுங்கள். திட்டினால் பரவாயில்லை, வேலை நடக்கும். புகழ்ச்சிதான் கண்ணைக் கட்டும். எனக்குக் கட்டியது.

கும்மிடிப்பூண்டி ஃபைபர் ஷெட்டுகளில் முப்பத்தொரு வருஷம் லேமினேஷன் வேலை பார்த்தேன். முட்டி ஒத்துழைக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டேன். தேர்வாய் கண்டிகை ஃபைபர் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் சூப்பர்வைசர் கேட்டார். எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் எனக்கு வரும். அதனால் நான் சொல்லச் சொல்ல அவரே எழுதினார். திரும்ப வாசிக்கச் சொல்லி, நான் சொல்லாததையெல்லாம் எடுக்க வைத்தேன். ஃபைபர் இழை மேட்டை எப்படி வெட்டுவது, ரோலரை எப்படி ஓட்டுவது என்பதெல்லாம் முதல் வாரத்திலேயே உங்கள் கைக்கு வந்துவிடும். அதை நான் சொல்லப்போவதில்லை.

எங்கள் ஷெட்டில் வாரம் முழுக்கக் கம்பெனி வேலை. கெமிக்கல் டேங்குக்கு மூடி, புகைபோக்கிக் குழாய், அப்படி. ஞாயிற்றுக்கிழமை வேறு விதமான ஆட்கள் வருவார்கள். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள், பழவேற்காடு ஏரியில் ஓட்டுவதற்குச் சின்னப் பாய்மர போட் கட்டச் சொல்பவர்கள். சில பேருக்கு இரண்டும் உண்டு. வேலைக்குப் போகிற கார் வீட்டில் தனியாக நிற்கும். இது ஆசைக்கு.

கம்பெனிக்காரர் அளவு எழுதிய தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஆசைக்காரர் போகமாட்டார். ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, பிரசவத்துக்குப் பெண்டாட்டியை உள்ளே அனுப்பியவர் மாதிரி பார்த்துக்கொண்டே இருப்பார். நான் பிறந்தது ஏரிக்கரையில். எங்கள் வீட்டு ஆண்கள் பிழைப்புக்குப் படகு தள்ளினார்கள். ஞாயிற்றுக்கிழமை சும்மா சுற்றிவரப் படகு வேண்டும் என்று ஒருவர் கேட்டபோது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவர் அந்த போட்டைத் தடவிப் பார்த்த விதத்தைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

அவர்களில் ஒருவர் பல் டாக்டர். திருவள்ளூரில் கிளினிக். அவரிடம் சிவப்பு நிறத்தில், மேலே கூரை இல்லாத, இரண்டு பேர் மட்டும் உட்காரும் இங்கிலாந்து கார் ஒன்று இருந்தது. அவர் பிறப்பதற்கு முன்னால் செய்த வண்டி. அதன் முன்பக்கம் முழுவதும், இரண்டு விளக்கோடு சேர்த்து, ஒரே ஃபைபர் துண்டு. தூக்கினால் முழுசாக முன்னால் சாயும். அதை நாங்கள் மூக்கு என்று சொன்னோம். அவருடைய சிநேகிதர் ஒருவர் பெங்களூரில் அதே வண்டி வைத்திருந்தார். லாரியில் மோதி மூக்கு தூள்தூளாகி, ஏழு வருஷமாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. வெளிநாட்டிலும் அந்த மூக்கு கிடைக்கவில்லை. டாக்டர் தன் மூக்கைக் கழற்றிக் கொண்டு வந்தார். அதன் மேல் மோல்டு எடுத்து, மோல்டிலிருந்து சிநேகிதருக்கு ஒரு புது மூக்கு போட வேண்டும்.

“தேசம்மா, இது ஒண்ணுதான் இருக்கு. இதுக்கு ஏதாவது ஆச்சுன்னா ரெண்டு வண்டியும் போச்சு,” என்றார்.

“சார், நீங்க எத்தினி பேருக்குப் பல்லு அச்சு எடுத்துகீறீங்க. பல்லு கையோட வந்துச்சா?” என்றேன்.

சிரித்தார். நானும் பெருமையாகத்தான் சொன்னேன்.

சனிக்கிழமை சாயங்காலம் மூக்கைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, துடைத்து, துணி போட்டு மூடி வைத்துவிட்டுப் போனேன். ஞாயிறு காலை வந்தால் டாக்டர் எனக்கு முன்னால் ஷெட்டில் நிற்கிறார். துணி கீழே கிடந்தது. பார்க்க ஆசை, பிரித்துப் பார்த்திருப்பார் என்று விட்டுவிட்டேன். நானும் மல்லிகாவும் மெழுகு போட்டோம். மல்லிகா என்னோடு பத்து வருஷம் ஜோடியாக வேலை செய்தவள். மெழுகுக்கு மேல் பிலிம் தடவினோம். உங்களுக்குத் தெரிந்ததுதான், காய்ந்தால் பாலித்தீன் தோல் மாதிரி ஆகும், தண்ணீர் பட்டால் கரையும். அந்தத் தோல்தான் கீழே இருப்பதையும் மேலே போடுவதையும் ஒட்டாமல் பிரித்து வைக்கும்.

வலது பக்கம் பிலிம் அழகாகப் படர்ந்தது. இடது விளக்குப் பக்கம் மட்டும் சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் விட்ட மாதிரி ஒதுங்கி ஒதுங்கி ஓடியது. நடுவில் மீன் கண் அளவுக்கு வெற்று இடங்கள்.

நான் அதைப் பார்த்தேன். தெளிவாகப் பார்த்தேன்.

அந்த நேரத்தில்தான் டாக்டர் பின்னால் நின்று சொன்னார்: “இந்தக் கை ஆபரேஷன் தியேட்டர்ல இருக்க வேண்டிய கை, தேசம்மா. எங்க காலேஜ்ல ப்ரொபசருக்குக்கூட இப்படி நடுங்காம நிக்காது.”

அதற்குப் பிறகு, சார், இங்கே ஏதோ சரியில்லை, துடைத்துவிட்டு முதலிலிருந்து போடலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ப்ரொபசரை விட நல்ல கை என்று சொன்ன வாயைப் பார்த்து எப்படிச் சொல்வது? இன்னொரு தடவை பிரஷ்ஷை ஓட்டினேன். ஒதுங்கியது. மூன்றாவது தடவை ஓட்டினேன். கொஞ்சம் மூடின மாதிரி இருந்தது. இருந்தது என்று நானே சொல்லிக்கொண்டேன். மேலே ஜெல்கோட் பூச்சு, அதற்கு மேல் ரெசினில் நனைத்த மேட் என்று போய்விட்டோம்.

புதன்கிழமை மோல்டைப் பிரிக்க வேண்டும். சுற்றிலும் ஆப்பு வைத்தோம். வலது பக்கம் விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டது. இடது பக்கம் நூல் நுழையவில்லை.

“இன்னாக்கா, கல்யாணம் ஆன மாதிரி ஒட்டிக்கினு கீது,” என்றாள் மல்லிகா.

“வாய மூடு,” என்றேன்.

முதலாளி வந்தார். நல்ல மனுஷர். ஆனால் எதையும் சத்தமாகத்தான் யோசிப்பார். ஆப்பைத் தட்டிப் பார்த்தார். குனிந்து பார்த்தார். டாக்டரைப் பார்த்துச் சொன்னார்: “சார், இதுக்கு ஒரே வழி, உள்ள கீற உங்க மூக்கக் கட் பண்ணி எடுத்துறது. மோல்டு நம்ம கையில கீது. அதுல புதுசா பத்து மூக்கு போட்டுக்கலாம். உங்களுக்கு ஒண்ணு, பெங்களூருக்கு ஒண்ணு. பழசு போனா இன்னா?”

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நியாயமான பேச்சுக்கு எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார். “பழசுதாங்க வண்டி,” என்றார். “மத்ததெல்லாம் நான் மாத்திட்டேன். இன்ஜின் மாத்தினேன், சீட்டு மாத்தினேன். ஃபேக்டரியில இருந்து வந்ததுன்னு சொல்ல மூக்கு ஒண்ணுதான் மிச்சம்.”

முதலாளி கட்டிங் மெஷினைக் கொண்டுவரச் சொன்னார். வெள்ளிக்கிழமை காலை கம்பெனி டேங்க் மூடி வேலைக்கு அந்த இடம் வேண்டும். அவருக்கும் வேறு வழி இல்லை.

நான் மெஷின் ஒயர் மேல் கால் வைத்து நின்றேன்.

“மொதலாளி, நான் சொல்றத கேட்டுட்டு கட் பண்ணுங்க. அன்னிக்கே எனக்குத் தெரியும். இந்தப் பக்கம் பிலிம் ஒக்காரல. பாத்துக்கினுதான் மேல போட்டேன். தப்பு என்னுது.”

ஷெட்டில் எல்லாக் கையும் நின்றது. முப்பத்தொரு வருஷத்தில் என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அன்றைக்குத்தான். சொல்லி முடித்ததும் முட்டி வலிகூடக் குறைந்த மாதிரி இருந்தது.

முதலாளி வாயைத் திறப்பதற்குள் டாக்டர், “இல்ல,” என்றார். பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டு ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். கார் பாலிஷ். புதன்கிழமை வரைக்கும் அதைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். “ஞாயித்துக்கிழமை விடிகாலைல வந்து பாலிஷ் போட்டேன். நீங்க எல்லாரும் பாக்கும்போது பளபளன்னு இருக்கட்டும்னு. இடது பக்கம் முடிச்சேன், தேசம்மா வந்துட்டாங்க. டப்பாவ ஒளிச்சிட்டேன்.”

முதலாளி டப்பாவை வாங்கிப் படித்தார். “சிலிக்கான்,” என்றார். எங்கள் வேலையில் அது விஷம். அது பட்ட இடத்தில் பிலிம் நிற்காது. சோப்புப் போட்டாலும் சுலபத்தில் போகாது.

“மோல்டு எடுக்கப்போற மூக்குக்கு பவுடரு பூசிகீறீங்க,” என்றார் முதலாளி. பிறகு என்னைப் பார்த்தார். “நீ அத்தப் பாத்துக்கினு கண்ண மூடிகீற. ரெண்டு பேரும் நல்ல ஜோடி. பேஜாரு எனக்கு.”

“பேஜாரு உங்களுக்கு வேணாம்,” என்றேன். “நாளைக்கி சாயங்காலம் வரிக்கும் கொடுங்க. வரலைன்னா நானே கட் பண்ணித் தரேன்.”

அவர் மெஷினைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். “நாளைக்கி சாயங்காலம்,” என்றார்.

முதலில் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்து மோல்டு முழுக்கத் தட்டிக்கொண்டே போனேன். பிரிந்த இடத்தில் ‘டங்’ என்று பேசும். ஒட்டிய இடத்தில் ‘டொக்’ என்று செத்த சத்தம் வரும். டொக் வந்த இடத்தையெல்லாம் சாக்பீஸால் சுற்றினேன். விளக்கைச் சுற்றி இரண்டு சாண் அகலம். அவ்வளவுதான். முழு மூக்கும் மாட்டிக்கொண்ட மாதிரி எல்லாரும் பயந்தோம். கணக்குப் பார்த்தால் இரண்டு சாண். பயம் வந்தால் முதலில் அதன் ஓரத்தைத் தேடிக் கோடு போடுங்கள். எவ்வளவு பெரிது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி ஒருவர் இருந்தார். ஒரு தடவை ஆசைக்காரர் ஒருவரின் சின்ன போட் மோல்டிலேயே மாட்டிக்கொண்டது. எல்லாரும் சுத்தியல் எடுத்தோம். அவர் எல்லாச் சுத்தியலையும் வாங்கித் தன் காலடியில் போட்டுக்கொண்டார். ஓரத்தில் தண்ணீர் பைப்பைச் சொருகிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பாதி நாள் எழுந்திருக்கவே இல்லை. பிலிம் கரைந்து போட் தானாக மேலே மிதந்து வந்தது. நானும் தண்ணீர் பைப்பைச் சொருகினேன். மற்ற இடமெல்லாம் இன்னும் நன்றாக விட்டுக்கொடுத்தது. அந்த இரண்டு சாண் மட்டும் அசையவில்லை. அங்கே கரைவதற்குப் பிலிமே கிடையாதே. மேஸ்திரி கற்றுக்கொடுத்தது அதோடு முடிந்துபோனது.

அன்று சாயங்காலம் ஆரம்பாக்கம் ட்ரெயினில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே போனேன். வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவும்போதுதான் தெளிந்தது. எவர்சில்வர் டம்ளர் இரண்டு ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? உள் டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, வெளி டம்ளரைச் சுடுதண்ணீரில் வைப்போம். உள்ளே இருப்பது சுருங்கும், வெளியே இருப்பது விரியும். இது தெரியாத பெண் யார்? ஆனால் ஷெட்டுக்குள் நுழையும்போது சமையலறையை வாசலில் கழற்றிவிட்டுத்தான் நாம் வருகிறோம். அங்கே இருப்பது வேலை, இங்கே இருப்பது டெக்னிக்கல் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.

பழவேற்காட்டில் மீன் வியாபாரம் செய்யும் என் தம்பிக்குப் போன் போட்டேன்.

“நைனா, நாளைக்கி காலைல எட்டு பார் ஐஸ் கும்மிடிப்பூண்டிக்கு அனுப்பு.”

“இன்னா மீனுக்கா?”

“மீனு இல்ல. காருக்கு.”

“அக்கா, ஒடம்பு நல்லாதான கீது?” என்றான். ஆனாலும் அனுப்பினான்.

வியாழக்கிழமை, கத்திரி வெயில். நான் கேட்டதும் அப்படிப்பட்ட நாள்தான். ஷெட்டுக்கு வெளியே மணலில் மூக்கை மோல்டோடு திருப்பி, குழி மேலே பார்க்கிற மாதிரி மல்லாக்க வைத்தோம். இப்போது கார் மூக்கு உள்ளே குண்டான் மாதிரி இருந்தது, மோல்டு அதைச் சுற்றி வெளியே. ஐஸை உடைத்து மூக்கின் குழிக்குள் கொட்டினோம். வெளியே மோல்டைச் சுற்றிச் சாக்கைப் போட்டு, அண்டாவில் காய்ச்சிய தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினோம். உள்ளே மார்கழி, வெளியே சித்திரை.

முதலாளி வாசலில் நின்று பார்த்தார். “மீன் கம்பெனி ஆரம்பிச்சுட்டியா, தேசம்மா? எனக்கு ரெண்டு கிலோ வஞ்சரம் எடுத்து வையி.”

“கண்ணுல கட்டிங் மெஷினோட நிக்காதீங்க. மூக்கு பயப்படுது,” என்றேன்.

ஒரு மணி நேரம் ஆனது. ஒன்றும் இல்லை. இரண்டு மணி நேரம். டாக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டு ஐஸைக் கிளறிக்கொண்டிருந்தார். விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

“மெதுவா ஒரு நெம்பு நெம்பிப் பாக்கலாமா?” என்றார்.

“நீங்க மரத்துப்போறதுக்கு முன்னாடியே பல்லப் புடுங்குவீங்களா?”

“மாட்டேன்.”

“அப்ப ஒக்காருங்க.”

சொல்லிவிட்டேனே தவிர என் கையும் ஆப்பின் பக்கம் போய்க்கொண்டேதான் இருந்தது. அதைப் பிடித்து மடியில் வைத்தேன். வேலை செய்து பழகிய கைக்குச் சும்மா இருப்பதுதான் கஷ்டம். நாணயத்தால் மட்டும் தட்டிப் பார்த்தேன். டொக். இன்னொரு அண்டாத் தண்ணீர். டொக். மூன்றாவது அண்டா. சாக்பீஸ் கோட்டின் ஓரத்தில் சத்தம் மாறிய மாதிரி இருந்தது. இருந்தது என்று நானே சொல்லிக்கொள்கிறேனோ என்று சந்தேகம் வந்தது. அந்தத் தப்பை ஒரு தடவை செய்தாகிவிட்டது. மல்லிகாவைக் கூப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொன்னேன்.

“பேசுதுக்கா,” என்றாள். “ஓரத்துல பேசுது.”

கோட்டை அழித்து உள்ளே தள்ளிப் போட்டேன். ஒன்றரை சாண். ஐஸ் தீர்ந்துகொண்டிருந்தது. உச்சி வெயில் சாயத் தொடங்கியது. மறுபடி கோடு. ஒரு சாண். அதற்குப் பிறகு குறையவே இல்லை. முதலாளி இப்போது கேலி பேசவில்லை. அவரே அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து தண்ணீர் ஊற்றினார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. தேங்காய் உடைக்கிற மாதிரி ஒரே ஒரு ‘டக்’.

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். முதலாளி, “போச்சு, கிராக் உட்டுச்சு,” என்றார். யாரும் கிட்டே வரவில்லை. நான் மட்டும் மணலில் முட்டி போட்டு, நாணயத்தை எடுத்து இடது விளக்குக்கு நேராகத் தட்டினேன்.

டங்.

பக்கத்தில் தட்டினேன். டங். சுற்றித் தட்டினேன். எங்கேயும் டங்.

“தூக்குங்க,” என்றேன்.

ஐஸ் தண்ணீரைச் சாய்த்துவிட்டு நாலு பேர் நாலு பக்கம் பிடித்தோம். ஒரு சின்ன முனகல் கூட இல்லாமல் மூக்கு மோல்டை விட்டு மேலே வந்தது. வெந்த இட்லி துணியை விட்டு வருகிற மாதிரி. திருப்பி, வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஃபைபரில் ஒரு மயிரிழை விரிசல் இல்லை. இடது விளக்கின் ஓரத்தில் உள்ளங்கை அளவுக்குச் சிவப்புப் பெயின்ட் மட்டும் உரிந்து மோல்டோடு போயிருந்தது. அந்த ‘டக்’ பெயின்ட் பிடி விட்ட சத்தம்.

டாக்டர் மூக்கைத் தொடவில்லை. என் கையைப் பிடித்தார். ஐஸில் கிடந்த கை, சில்லென்று இருந்தது. “தேசம்மா,” என்று ஆரம்பித்தார்.

“இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க, சார். இன்னும் வேல பாக்கி கீது,” என்றேன்.

முதலாளி கட்டிங் மெஷின் ஒயரைச் சுற்றிக்கொண்டே மல்லிகாவிடம் சொன்னார்: “எனக்கு அப்பவே தெரியும்.”

“தெரியும் தெரியும்,” என்றாள் அவள். “அதான வஞ்சரம் கேட்டீங்க.”

மோல்டில் ஒட்டியிருந்த பெயின்ட்டை வாட்டர் பேப்பர் போட்டு இரண்டு நாள் தேய்த்தேன். ரொம்பத் தேய்த்தால் மோல்டு குழிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வந்ததும் நிறுத்தினேன். அதில் முதல் மூக்கைப் போட்டு எடுத்தபோது, மோல்டில் மிச்சம் நின்ற பெயின்ட்டால் இடது விளக்கின் ஓரத்தில் கட்டைவிரல் வைத்தால் மட்டும் தெரிகிற ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. பட்டி வைத்து நிரவிவிடுகிறேன் என்றேன். டாக்டர் விரலை வைத்துப் பார்த்தார். “விட்டுடுங்க,” என்றார்.

ஏழு வருஷம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த பெங்களூர் வண்டி அந்த மூக்கோடு ரோட்டுக்கு வந்தது. போட்டோ அனுப்பினார்கள். பிறகு கொச்சியிலிருந்து ஒருவர் கேட்டார், புனேயிலிருந்து ஒருவர். எல்லாருக்கும் அதே மோல்டு, அதே பள்ளம். இந்த நாட்டில் அந்த மாதிரி வண்டி அவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மூக்கு இல்லாமல் அங்கங்கே தூங்கிக்கொண்டிருந்தவையெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. ஒவ்வொரு தடவையும் பிலிம் தடவும்போது நான் ஷெட்டிலிருந்து எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவேன், டாக்டரையும் சேர்த்து. அவர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு சொன்ன பேச்சைக் கேட்டுப் போய் மரத்தடியில் உட்காருவார். ஒருநாள் மல்லிகா பிலிம் ஒதுங்குவதைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். முழு வேலையையும் துடைத்துவிட்டு மறுபடி போட்டோம். அரை நாள் போனது. முதலாளி கணக்குக் கேட்கவில்லை.

நான் வேலையை விட்ட வருஷம் டாக்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வேறு ஊரில் யாரோ அதே மூக்கைப் போட்டு விற்கத் தொடங்கியிருக்கிறார்களாம். நம்முடையதை விட வழவழப்பாக, ஒரு குறை சொல்ல முடியாதபடி. ஹைதராபாத்தில் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள்.

“அவர் இடது விளக்கு ஓரத்துல கட்டைவிரல வெச்சு அழுத்தித் தடவினாராம், தேசம்மா,” என்றார் டாக்டர். “ஒரு தடவைக்கு ரெண்டு தடவை. அப்புறம், இது கும்மிடிப்பூண்டியில செஞ்சது இல்ல, எடுத்துட்டுப் போங்கன்னுட்டாராம்.”